முதலில் கிளினிக் புத்தகத்தைத் திறவுங்கள்: நாய், பூனைக் காப்புறுதி பற்றிய கேள்வி பதில்

லண்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் 11 வருடம் நாய், பூனைகளின் வைத்தியச் செலவுக் கோரிக்கைகளைப் பார்த்தேன். பில் வரும், கூடவே கிளினிக் குறிப்பு வரும். இரண்டையும் வாசித்துவிட்டு, கொடுப்பதா மறுப்பதா என்று எழுதுவது என் வேலை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். எதையும் விற்கவில்லை, அதனால் "எந்தக் கம்பனி நல்லது" என்று கேட்காதீர்கள். மிருக வைத்தியரும் இல்லை, மருந்து கேட்காதீர்கள். ஒரேயொரு மருந்து விஷயத்தை மட்டும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: பூனைக்குப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்க வேண்டாம். ஒரு குளிசையே கொன்றுவிடும்.

தெஹிவளையிலிருந்து: எங்கள் லாப்ரடோருக்கு மூன்று வயது. நேற்று முதல் காய்ச்சல், சாப்பாட்டைத் தொடவில்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று டொக்டர் சொல்கிறார். இன்று பொலிசி எடுத்தால் செலவு கிடைக்குமா?

கிடைக்காது. இன்றே பணம் கட்டினாலும் இரண்டு கதவு பூட்டியிருக்கும். ஒன்று காத்திருப்புக் காலம். பிரிட்டனில் நோய்க்குப் பெரும்பாலும் 14 நாள், விபத்துக்கு அதைவிடக் குறைவு. அந்த நாட்களுக்குள் தொடங்கிய நோய்க்கு ஒரு சதமும் வராது. மற்றது, "முன்பே இருந்த நோய்" என்ற விலக்கு. டொக்டர் பெயர் வைத்த நோயைத்தான் இது குறிக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை, அறிகுறி தெரிந்த நாள்தான் கணக்கு. இரத்தப் பரிசோதனை முடிவு அடுத்த கிழமை வந்தாலும், நேற்றுச் சாப்பிடாமல் படுத்தது போதும்.

உண்ணிக் காய்ச்சலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டு நாய்களில் காணப்படும் பபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி, மருந்து கொடுத்து நாய் துள்ளி ஓடத் தொடங்கிய பிறகும் இரத்தத்தில் ஒளிந்திருக்கக்கூடியது. உடம்பு தளரும்போது திரும்பத் தலை காட்டும். எர்லிக்கியா என்ற மற்றக் கிருமியும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். இரண்டு வருடம் கழித்து மீண்டும் காய்ச்சல் வந்தால் நீங்கள் "புது உண்ணி, புது நோய்" என்பீர்கள். நிறுவனம் "பழையதின் தொடர்ச்சி" என்னும். யாராலும் சுலபமாக நிரூபிக்க முடியாது, ஆனால் பணம் அவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே நாய் குணமானபின் பொலிசி பார்க்கப் போனால் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: குணமான நோய் எத்தனை மாதம் அறிகுறி இல்லாமல் இருந்தால் புதிதாகக் கணக்கெடுப்பீர்கள்? சில பத்திரங்களில் 12 மாதம், 24 மாதம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லையென்றால் உங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்றைக்கும் விலக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நாயைப் பாருங்கள். காய்ச்சல் தணியட்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: முகவர் தந்த தாளில் "500,000 ரூபா வரை" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ஐந்து லட்சம் பில் வந்தாலும் கவலையில்லை, அப்படித்தானே அண்ணை?

அந்தப் பெரிய எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். "வரை" என்ற சொல்லுக்குள் நாலு கேள்வி இருக்கிறது. அது வருடத்துக்கா, ஒரு நோய்க்கா, நாயின் ஆயுளுக்கா? அடுத்த வருடம் அந்தத் தொகை திரும்ப நிரம்புமா?

பிரிட்டனில் மூன்று வகை புழங்குகிறது. முதல் வகையில், ஒரு நோய் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் மட்டும் கொடுப்பார்கள், பிறகு அந்த நோய் விலக்கு. இரண்டாவதில் நோய்க்கு ஒரு தொகை, கால எல்லை இல்லை, தொகை தீர்ந்தால் முடிந்தது. மூன்றாவது ஆயுள் வகை: வருடாவருடம் புதுப்பித்தால் தொகை மறுபடி நிரம்பும். கால் முறிவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். தோல் அரிப்பு வந்த நாய்க்குத்தான் தெரியும். அரிப்பு சாகும்வரை கூட வரும் நோய். நீரிழிவும் அப்படித்தான். முதல் வகைப் பொலிசி வைத்திருப்பவர் பதின்மூன்றாம் மாதம் வெறுங்கையோடு நிற்பார், அந்த நேரத்தில் வேறு நிறுவனத்துக்கும் மாற முடியாது, ஏனென்றால் அங்கே அது "முன்பே இருந்த நோய்". ஆயுள் வகையிலும் ஒரு முறை புதுப்பிக்கத் தவறினால் எல்லாம் பூச்சியத்திலிருந்து.

இப்போது கணக்கு. 100,000 ரூபா பில் என்று வையுங்கள். வாகனக் காப்புறுதியில் போலவே இங்கும் எக்ஸஸ் உண்டு, அதாவது முதலில் நீங்கள் ஏற்கும் தொகை. அது 10,000. அதன்பின் மிச்சத்தில் 20 வீதம் உங்கள் பங்கு. வயதான நாய்களுக்கு இந்தப் பங்கை அதிகம் போடுவார்கள். 90,000இல் 20 வீதம் 18,000, ஆகக் கைக்கு 72,000 வரும். சிலர் வீதத்தை முதலில் கழித்து எக்ஸஸைப் பிறகு கழிப்பார்கள், அப்போது 70,000. ஒரு நோய்க்கு 50,000தான் எல்லை என்று உள்ளே ஒரு அட்டவணை இருந்தால் 50,000, அவ்வளவுதான். முன்பக்கத்து ஐந்து லட்சம் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: அந்தத் தாள் நாய் செத்தால், களவு போனால் பணம் தரும் பொலிசியா, வைத்தியச் செலவு தரும் பொலிசியா என்று பாருங்கள். மாட்டுக் காப்புறுதி மாதிரி நாயின் விலையை மட்டும் காப்பவையும் உண்டு. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

வத்தளையிலிருந்து: தட்டை மூக்குள்ள பக் இன நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். மூச்சுத் திணறல் வந்தால்?

"பிறவிக் குறை", "இனத்துக்குரிய குறை" என்ற சொற்கள் விலக்குப் பகுதியில் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், பக்குக்கு மூக்கும் தொண்டையும் விலக்கு என்று பொருள், அதாவது பக்குக்குப் பாதிப் பொலிசிதான். மதிய வெயிலில் நடக்கக் கூட்டிப்போக வேண்டாம். அது காப்புறுதி இல்லை, ஆனாலும்.

வெள்ளவத்தையிலிருந்து: படிவத்தில் பழைய நோயை எழுதாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாய் வாய் திறந்து சொல்லப்போகிறதா?

நாய் சொல்லாது. டொக்டரின் கையெழுத்து சொல்லும்.

ஒரு கோரிக்கை எனக்கு மறக்காது. எட்டு வயது லாப்ரடோர், பின்னங்காலில் முழங்கால் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை. பில் 4,000 பவுண். கட்டுப்பணம் ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை, குடும்பம் நேர்மையானது. கிளினிக் குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். பொலிசி எடுப்பதற்கு ஐந்து மாதத்துக்கு முன், வருடாந்தத் தடுப்பூசிக்கு வந்த நாளில், ஊசியின் தொகுதி இலக்கத்துக்குக் கீழே ஒரு வரி: "இடப் பின்னங்கால், எப்போதாவது நொண்டுகிறது என்கிறார் உரிமையாளர்." அவ்வளவுதான். மருந்து கொடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. அந்த அம்மா ஊசி போடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அறுந்தது வலக் கால். அப்படியும் மறுக்க வேண்டி வந்தது, ஏனென்றால் சோடியாக இருக்கும் உறுப்புகளில் ஒரு பக்கத்தில் வந்த கோளாறு மற்றப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் என்று பத்திரத்தில் இருந்தது. இரண்டு முழங்கால், இரண்டு இடுப்பு, இரண்டு கண், இரண்டு காது. மறுப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். தெரிந்தே மறைத்தால் கதை இன்னும் மோசம். காப்புறுதி ஒப்பந்தம் முழு நல்லெண்ணத்தில் நிற்பது. நம் நாட்டுச் சட்டத்திலும் அதுதான். முக்கியமான விஷயத்தை ஒளித்தது தெரிந்தால் அந்த நோய் மட்டுமல்ல, பொலிசியே இல்லாமல் போகலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கையெழுத்துப் போடும் முன் கிளினிக் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். கொழும்பில் பலர் மூன்று கிளினிக் மாறியிருப்பார்கள், மூன்றிலும் கேளுங்கள். எழுத்து புரியாவிட்டால் டொக்டரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை நிறுவனத்திடம் கொடுத்து, "இதில் எதையெல்லாம் விலக்குவீர்கள், இப்போதே எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பொலிசி எடுக்கத் தோதான நேரம் புத்தகம் வெறுமையாக இருக்கும்போதுதான்: குட்டிக்குத் தடுப்பூசிகள் முடிந்து, ஒரு இருமல்கூட எழுதப்படாத மாதம்.

கல்கிசையிலிருந்து: என் ஜேர்மன் ஷெப்பேர்டுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இப்போது காப்புறுதி செய்தால்...

தெஹிவளைக்காரருக்குச் சொன்னதுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அன்ரி: தம்பி, நாங்கள் பன்னிரண்டு பேர் மாதம் பத்தாயிரம் சீட்டுப் பிடிக்கிறோம். நாய்க்கு ஒன்றும் வராவிட்டால் கம்பனிக்குக் கட்டிய காசு போச்சு. சீட்டுக் காசு எங்கேயும் போகாது. எது புத்தி?

அன்ரி, இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது. பன்னிரண்டு பேர், 10,000 வீதம், கைக்கு 120,000. முதல் மாதம் எடுப்பவருக்கு அது கடன், கடைசி மாதம் எடுப்பவருக்குச் சேமிப்பு. எந்த மாதம் எடுத்தாலும் நீங்கள் போட்டதுதான் வரும். காப்புறுதி அப்படியல்ல, மூன்றாம் மாதம் நாயை வான் அடித்துவிட்டால் போட்டதைப் போலப் பல மடங்கு வரும். நாய் உங்கள் குலுக்கல் வரும்வரை பார்த்திருந்து நோயில் விழாது.

அதே அன்ரி: அவசரம் என்றால், சீட்டை நடத்தும் தாச்சி ஆளை மாற்றிக் கொடுப்பா. போன வருடம் என் மகளின் சத்திரசிகிச்சைக்குக் கொடுத்தவ. உங்கள் கம்பனி கொடுக்குமா?

வத்தளையிலிருந்து: எங்கள் ஒழுங்கையில் தாச்சி இரவோடிரவாக வீட்டைக் காலி பண்ணிப் போய்விட்டார் அன்ரி. நாய்க்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

அன்ரி: ஆளைப் பார்க்காமல் சேர்ந்தால் அப்படித்தான். கம்பனிக்காரன் மட்டும் அரிச்சந்திரனோ? நொண்டின நாய்க்குக் கடிதம் எழுதினதை இவரே சொல்கிறாரே.

அடி எனக்குத்தான் விழுந்தது. சரி.

மருதானையிலிருந்து: சீட்டும் வேண்டாம், பொலிசியும் வேண்டாம். நிலையான வைப்பில் போடுங்கள். நாய்க்குக் காப்புறுதி என்பது வெள்ளைக்காரனின் புதுக் கூத்து.

புதுக் கூத்து இல்லை ஐயா. சுவீடனில் 1924லேயே நாய்க்குப் பொலிசி எழுதினார்கள், பிரிட்டனில் 1947இல். அமெரிக்காதான் பிந்தியது. அங்கே 1982இல் முதல் பொலிசி தொலைக்காட்சியில் நடித்த ஒரு நாய்க்குப் போனது. இன்று சுவீடனில் பொலிசி இல்லாத நாயைத்தான் தேட வேண்டும். அதற்காக நமக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

பணம் எங்கே பாதுகாப்பு என்பதை விடுங்கள். எந்த அளவு பில் வந்தால் நீங்கள் தடுமாறுவீர்கள்? அந்த இடத்திலிருந்து யோசியுங்கள். முப்பதாயிரம் பில்லை முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிடுவீர்கள் என்றால் அதற்குக் காப்புறுதி தேவையில்லை, அன்ரியின் சீட்டோ மருதானை ஐயாவின் வைப்போ போதும். மூன்று லட்சம் என்றால்? முதுகெலும்புச் சத்திரசிகிச்சை, ஒரு மாதம் ஆஸ்பத்திரி என்று வந்தால், "கருணைக்கொலை செய்துவிடலாமா" என்று டொக்டரிடம் கேட்கும் நிலை வருமா? வரும் என்றால் அதற்குத்தான் பொலிசி. எக்ஸஸ் கூடிய, கட்டுப்பணம் குறைந்த பொலிசியை எடுத்து, சின்னச் செலவைக் கையிலிருந்து பாருங்கள். சின்னப் பில்லையெல்லாம் கோருபவருக்கு அடுத்த வருடம் கட்டுப்பணம் ஏறும், தெரியும்தானே. வயது கூடும்போது தானாகவும் ஏறும், அதைச் சீட்டில் யாரும் செய்வதில்லை. அது அன்ரிக்கு ஒரு புள்ளி.

நம் தெருவில் பிறந்து, முற்றத்தில் படுத்து, எதையும் தின்று செரிக்கும் ஊர் நாய்க்கு நான் பொலிசி எடுக்க மாட்டேன். மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுவேன். ஆனால் அதில் கை வைக்கக் கூடாது. தீபாவளிச் சேலைக்கு அதில்தான் கை போகும்.

அன்ரி: சேலைக்கு வேறு சீட்டு இருக்கிறது தம்பி.

தோற்றேன். அடுத்த கேள்வி.

நுகேகொடையிலிருந்து: எங்கள் நாய் பார்சல் கொண்டுவந்த பையனைக் கடித்துவிட்டது. நாய்க்கு எடுக்கும் பொலிசியில் இது வருமா?

"மூன்றாம் ஆள் பொறுப்பு" என்ற பிரிவு இருந்தால் வரும், அதுவும் அடுத்த கடிக்குத்தான். நாய் முன்பு கடித்திருக்கிறதா என்று படிவத்தில் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள். நம் நாட்டில் இது விளையாட்டில்லை. இங்கே புழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி வீட்டு மிருகம் செய்த சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டி வரலாம். படலையில் "நாய் கவனம்" பலகை போட்டால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். நாயைப் பதிவு செய்திருக்கிறீர்களா? 1901இலேயே அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. விசர்த் தடுப்பூசி அட்டை எங்கே என்று இன்றே தேடுங்கள். பையன் ஊசி போட்டானா என்று முதலில் விசாரியுங்கள், காப்புறுதி பிறகு.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: லண்டனுக்கு மகனிடம் போகிறோம், நாயையும் கொண்டுபோவோம். இங்கேயே பொலிசி எடுத்தால் அங்கே செல்லுமா?

செல்லாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள், அங்கே புதிதாக எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இங்குள்ள கிளினிக் புத்தகத்தைக் கேட்பார்கள், ஆங்கிலத்தில் ஒரு பிரதி கொண்டுபோங்கள். நாயைக் கொண்டுபோவதற்கான பத்திரங்கள் வேறு விஷயம். மைக்ரோசிப், விசர்த் தடுப்பூசி, ஊசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். மிச்சத்தை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

கிருலப்பனையிலிருந்து: கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் பொலிசி பணம் தருமா?

வழமையாகத் தராது. வரும் என்று தெரிந்த செலவை யாரும் காப்புறுதி செய்வதில்லை. ஆனால் தடுப்பூசி போடாமல் விட்டு, பிறகு பார்வோ என்ற குடல் நோய் வந்தால், "தடுத்திருக்கலாம்" என்று மறுப்பார்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது நம் ஊரில் சாதாரணமாக வரும் ஆபத்து, நடுராத்திரியில்தான் தெரியவரும். ஊசி போட்ட திகதிகளை ஒழுங்காக வையுங்கள், ஒரு கிழமை பிந்தியதற்கும் வாதாடியிருக்கிறார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: பூனைக்குக் காய்ச்சல். பொலிசி எடுக்கும்வரை அரைப் பனடோல்...

வேண்டாம். அரையும் வேண்டாம், காலும் வேண்டாம். இதை எழுதி முடிக்கும் முன் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெமட்டகொடையிலிருந்து: கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். காரணம் "பத்திரத்தின் நிபந்தனைகளின்படி" என்று ஒரு வரி. என்ன செய்வது?

எந்தப் பிரிவு, எந்த வரி என்று எழுத்தில் கேளுங்கள். அதன்பின் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், நோய் எந்த நாளில் தொடங்கியது என்பது மட்டும் அதில் தெளிவாக இருந்தால் போதும். "நல்ல நாய், நல்ல குடும்பம்" என்றெல்லாம் எழுதுவிக்க வேண்டாம், அந்த மாதிரிக் கடிதங்களை நான் ஆயிரம் வாசித்திருக்கிறேன். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு முடிந்தபிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், மேற்பார்வைக்கு இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. முகவர் வாயால் சொன்ன வாக்குறுதியை மட்டும் நம்பி அங்கே போகாதீர்கள். வட்ஸ்அப்பில் எழுதித் தந்திருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள்.

பாமன்கடையிலிருந்து: அண்ணை, உங்கள் நாய்க்குக் காப்புறுதி உண்டா?

இல்லை. அவன் என்னிடம் வரும்போது ஒன்பது வயது, முன்பு வளர்த்தவர் வெளிநாடு போய்விட்டார். கூட வந்த புத்தகம் சமையல் குறிப்புக் கொப்பி மாதிரி நிறைந்திருந்தது: காது, அரிப்பு, இரண்டு தடவை உண்ணிக் காய்ச்சல், "மாடிப்படி ஏறத் தயங்குகிறது." கோரிக்கை மேசையில் இருந்தவனுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும். விலக்கெல்லாம் போக மிஞ்சுவது வால் மட்டும்தான். மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறேன். கொட்டாஞ்சேனை அன்ரி சிரிக்க வேண்டாம்.

இப்போது படலையடியில் நின்று முனகுகிறான். மரைன் டிரைவுக்குப் போகிற நேரம். இன்னும் ஒரு கேள்வி மட்டும்.

இரத்மலானையிலிருந்து: நாய்க்கு இன்று காலையிலிருந்து காய்ச்சல். நாளைக்குப் பொலிசி எடுத்தால்...

தெஹிவளை.